தோட்டம்: கேள்வி பதில் – புல்தரையை விட்டு அகலாத பாசி

இம்மாதம் வந்த கடிதங்களில் ஐந்து கடிதங்கள் பாசியைப் பற்றியவை. முதல் கடிதம் நீளமானது, அதற்குரிய விவரங்களும் நிறைந்தது. ஆகவே அதற்கான பதிலும் நீண்டுவிட்டது. மற்றவற்றுக்குச் சுருக்கமாகவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பணி ஓய்வுக்குப் பின் நானும் என் கணவரும் கோத்தகிரிக்கு அருகே ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடியேறி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டைச் சுற்றி ஏறக்குறைய 40 சென்ட் பரப்பில் கிக்குயு புல்தரை இருக்கிறது. மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய நிலம். கிழக்குப் பக்கத்தில், வெட்டிய மண்திட்டின் மேல், ஐந்து பெரிய சைப்ரஸ் மரங்கள் நிற்கின்றன. நாங்கள் வந்தபோது அம்மரங்களின் அடியில் மட்டும் இருந்த பாசி இப்போது பாதிப் புல்தரையை மூடிவிட்டது. ஆண்டுக்கு இரண்டு முறை ஆள் வைத்துச் சுரண்டி எடுக்கிறோம். அடுத்த மழையில் முன்னிலும் அடர்த்தியாக வந்துவிடுகிறது. இரண்டு முறை சுண்ணாம்புத் தூளும் தூவிப் பார்த்தோம். மயில்துத்தம் (தாமிர சல்பேட்) தெளிக்கும்படி பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் சொல்கிறார்கள். பிளீச்சிங் பவுடர் போதும் என்கிறார் எங்கள் தோட்டக்காரர். ஒவ்வோர் ஆண்டும் மழை ஓய்ந்ததும் கல் உருளையை உருட்டித் தரையைச் சமன்செய்து, மேலே மெல்லிதாகச் செம்மண் பரப்பி, புல்லை ஒட்ட வெட்டிவிடுவது வழக்கம். இத்தனையும் செய்தும் பாசி போகவில்லை. நாங்கள் செய்யாமல் விட்டது என்ன?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கோத்தகிரி

பதில்: அம்மா, நீங்கள் செய்யாமல் விட்டதைக் காட்டிலும், செய்துவந்தவற்றில்தான் பாதிக் காரணம் இருக்கிறது. ஏழு ஆண்டுகளாகப் பாசியை எப்படி ஒழிப்பது என்றே எல்லோரும் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இடத்தைவிட்டுப் புல் ஏன் பின்வாங்கியது என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. பாசி புல்லைக் கொல்வதில்லை. புல் நலிந்து, மண் தெரியத் தொடங்கிய இடத்தில்தான் அது குடியேறுகிறது. புல் நலிந்த காரணம் அப்படியே இருக்கும்வரை, எதைத் தெளித்தாலும் சில வாரங்களுக்கு வெறும் மண்தான் கிடைக்கும்; அந்த வெறும் மண்ணில் முதலில் முளைப்பதும் பாசியாகவே இருக்கும்.

பாசியின் இயல்பைத் தெரிந்துகொண்டால் உங்கள் அனுபவம் முழுவதும் விளங்கிவிடும். அதற்கு உண்மையான வேர் கிடையாது. மண்ணைப் பற்றிக்கொள்ள மயிரிழை போன்ற வேரிகள் மட்டுமே உண்டு. பெரும்பாலான பாசிகளின் இலை ஒரே ஒரு செல் அடுக்காலானது. மழைத்துளியையும் பனியையும் அந்த இலைகள் நேரடியாக உறிஞ்சிக்கொள்கின்றன. எனவே மண் இறுகியிருந்தாலும், சத்து குறைந்திருந்தாலும், புளித்திருந்தாலும் பாசிக்குக் கவலையில்லை. ஈரமும் கொஞ்சம் வெளிச்சமும் இருந்தால் போதும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அது காய்ந்து பழுப்பாகிச் செத்துவிட்டதுபோல் தோன்றும். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், கண்ணெதிரே விரிந்து பச்சையாகும். அது இனம் பெருகும் வழி இரண்டு. காற்றில் பறக்கும் நுண்ணிய வித்துத்தூள் ஒன்று. பிய்ந்துபோன துணுக்கு ஈர மண்ணில் விழுந்து தானே தனிச்செடியாக வளர்வது மற்றொன்று. உயிருள்ள பாசியை இரும்பு வாரியால் சுரண்டி, அதைப் புல்தரையின் குறுக்கே இழுத்துக்கொண்டு போகும்போது என்ன நடக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும். ஆள்கூலி கொடுத்து ஆண்டுக்கு இரண்டு முறை பாசியை நட்டு வந்திருக்கிறீர்கள்.

இனி உங்கள் நிலத்துக்கு வருவோம். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையின் தூறல் ஒருபுறமிருக்க, நீலகிரியின் கிழக்குச் சரிவு என்பதால் வடகிழக்குப் பருவமழை அங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை கனமாகப் பெய்யும். இவ்வளவு ஈரம் உள்ள ஊரில், ஈரத்தை இன்னும் கூட்டுகின்ற நான்கு ஏற்பாடுகள் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன.

முதலாவது, வெட்டிய திட்டின் அடிவாரம். சரிவை வெட்டிச் சமப்படுத்தினால், மலைக்குள் மெல்ல இறங்கிவரும் நீர் அந்த வெட்டுமுகத்தின் அடியில் கசிந்து வெளிவரும். மழை நின்று பல நாட்கள் ஆன பின்னும் அந்த ஓரத்தில் கால் வைத்தால் சதசதவென்று இருக்குமே, அதுதான் அடையாளம். உறுதி செய்துகொள்ள, திட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளி ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, அதில் நீர் நிரப்பி, மறுநாள் பாருங்கள். தண்ணீர் இன்னும் நின்றிருந்தால் அங்கே எந்த மருந்தும் வேலை செய்யாது; வடிகால்தான் வேண்டும்.

இரண்டாவது, சைப்ரஸ் நிழல். மரங்கள் கிழக்கே இருப்பதால் உங்கள் புல்தரைக்குக் காலை வெயில் கிடைப்பதில்லை. மலையில் பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடும் நாட்கள் பல; ஆகவே காலை வெயிலை இழந்தால் அன்றைய வெயிலில் பெரும்பகுதியை இழந்ததாகவே பொருள். இரவுப் பனி நண்பகல்வரை உலராது. கிக்குயு, கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து வந்து நீலகிரியில் பரவிய புல். திறந்த வெயிலில் அதை அடக்குவது கடினம், நிழலில் அதை வாழவைப்பதும் அவ்வளவே கடினம்.

மூன்றாவது, உங்கள் கல் உருளை. மழை ஓய்ந்ததும் மண் ஊறியிருக்கும்போது உருளையை ஓட்டினால் மேடுபள்ளம் மறைந்து தரை அழகாகத்தான் தெரியும். ஆனால் மண்ணுக்குள் காற்றும் நீரும் புகவேண்டிய துளைகள் எல்லாம் நசுங்கிவிடுகின்றன. அதன் மேல் ஆண்டுதோறும் பரப்பிய செம்மண், களிச்சத்து மிகுந்த மெழுகுபோல் படிந்து அந்தத் துளைகளை மேலிருந்தும் அடைத்துவிட்டது. பழைய பங்களாக்களில் வழிவழியாக வந்த பழக்கம் இது. இதை விடச் சொன்னால் தோட்டக்காரர்கள் வருத்தப்படுவார்கள். இளம் வயதில் நானே ஒரு புல்தரையை இப்படி நான்கு ஆண்டுகள் உருட்டிப் பாசிக்குத் தாரை வார்த்தவன் என்பதால், உங்களவரைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதியில்லை.

நான்காவது, ஒட்ட வெட்டுவது. இலைதான் புல்லுக்கு அடுப்பு. அதை முழுவதும் வழித்துவிட்டால் வேர் ஆழமாக இறங்காது, தரையில் வெளிச்சம் விழும், பாசிக்கு வசதியாகிவிடும். இயந்திரத்தின் கத்தியை 4 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற்றிவையுங்கள்; நிழல் படும் பகுதியில் 5 சென்டிமீட்டர். ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம்.

சுண்ணாம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாசி என்றாலே மண் புளித்துவிட்டது, சுண்ணாம்பு தூவு என்பது மலைப்பகுதியில் எல்லோரும் சொல்வது. சுண்ணாம்பு பாசியைக் கொல்லாது. நம்பிக்கை வராவிட்டால் உங்கள் வீட்டுப் பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரையும் சிமெண்ட் படிக்கட்டையும் பாருங்கள். அவற்றின் மேலும் பாசி செழிப்பாகத்தானே வளர்கிறது? மண்ணின் புளிப்பு மிகும்போது புல் சத்தை எடுக்க முடியாமல் தளர்கிறது, அந்த அளவில் மட்டுமே சுண்ணாம்புக்கு வேலை. உங்கள் மண் எப்படி என்பதற்குத் தோட்டத்திலேயே ஒரு சாட்சி இருக்கக்கூடும்: ஹைட்ரான்ஜியா செடி இருந்தால் அதன் பூ நீலமா, இளஞ்சிவப்பா என்று பாருங்கள். புளித்த மண்ணில் அலுமினியம் செடிக்கு எளிதில் கிடைப்பதால் பூ நீலமாகும். வெள்ளைப் பூ வகைகள் மட்டும் நிறம் மாறுவதில்லை. ஆனால் இது குறிப்பு மட்டுமே. அளவு தெரிய மண் பரிசோதனைதான் வழி. புல்தரையில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் எடுத்து, நன்கு கலந்து, நிழலில் உலர்த்தி, அதில் அரை கிலோவைக் கொடுத்துப் பரிசோதியுங்கள். மரத்தடி மண்ணைத் தனிப் பொட்டலமாகக் கொடுங்கள். குன்னூரில் உபாசி என்னும் தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்கே கேட்டால் வழிகாட்டுவார்கள். கார அமில அளவு 5.5-க்கு மேல் இருந்தால் சுண்ணாம்பே வேண்டாம். கிக்குயு ஓரளவு புளிப்பைத் தாங்கும். அதற்குக் கீழே இருந்தால் அரைத்த சுண்ணாம்புக்கல் தூளையோ டோலமைட்டையோ சென்ட்டுக்கு 2 கிலோ வீதம் தூவலாம். சுவருக்கு அடிக்கும் நீற்றுச் சுண்ணாம்பைப் புல்லில் போடாதீர்கள், கருக்கிவிடும். அசேலியா, கமேலியா, தேயிலை ஆகியவற்றின் பக்கம் தூள் பறக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குப் புளித்த மண்தான் விருப்பம்.

இப்போது வேலைத்திட்டம். 40 சென்ட் என்பது 1,600 சதுர மீட்டர். இவ்வளவு பரப்பையும் ஒரே மாதிரி நடத்த முயன்றால் பணமும் சலிப்பும்தான் மிஞ்சும். நிலத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: மரத்தடி, திட்டின் ஓரம், வீட்டின் முன்னுள்ள திறந்த வெளி.

மரத்தடியை விட்டுக்கொடுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து. அங்கே புல் வராது. உதிரும் செதில் இலைகள் மெத்தையாகப் படிகின்றன, கோடையில் மரத்தின் வேர்கள் ஈரத்தைக் குடித்துவிடுகின்றன, வெயிலும் இல்லை. மரங்களை வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் சொந்த நிலத்து மரமானாலும் அனுமதியின்றி வெட்ட முடியாது. கீழ்க்கிளைகளை மட்டும் கழித்தாலே காலை வெயில் சற்று உள்ளே வரும். அதற்கும் முன்கூட்டியே வனத்துறையில் கேட்டுக்கொள்வது நல்லது. மரத்தடியில் பெரணிச் செடிகளையோ நிழல் தாங்கும் தரைமூடிச் செடிகளையோ வைத்து, புல்லுக்கும் அதற்கும் நடுவே கல் பதித்து எல்லை போட்டுவிட்டால், அந்தப் பாசி உங்கள் கண்ணை உறுத்தாது.

திட்டின் ஓரத்துக்கு வடிகால். திட்டின் அடியிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்தில், லேசான சாய்வுடன் ஒரு நீளக் குழி வெட்டி, அதில் துளையிட்ட குழாயை வைத்துச் சல்லிக்கல் நிரப்ப வேண்டும். குழி திட்டை ஒட்டிப் போகக்கூடாது, வெட்டுமுகத்தின் கால் வலுவிழக்கும். அதைவிட முக்கியமானது, சேரும் நீரை எங்கே விடுகிறீர்கள் என்பது. புல்தரையின் மறுவிளிம்பில் சரிவின் மேல் திறந்துவிட்டால் கீழே இருப்பவருடைய மண் சரியக்கூடும். 2009 நவம்பர் மழையில் கோத்தகிரி, குன்னூர், கேத்திப் பகுதிகளில் எத்தனை இடங்களில் நிலம் சரிந்தது என்பதை அங்குள்ள பழையவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏற்கெனவே உள்ள கல் கட்டிய ஓடைக்கோ சாலையோர வடிகாலுக்கோ கொண்டுபோய்ச் சேருங்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் மலைநிலம் தெரிந்த மேஸ்திரி வேண்டும்.

திறந்த வெளியில்தான் மருந்துக்கு இடம் உண்டு. அந்த மருந்து மயில்துத்தம் அன்று, அன்னபேதி. மயில்துத்தத்தில் உள்ள தாமிரம் மண்ணிலேயே தங்கி ஆண்டுக்கு ஆண்டு சேரும். மண்புழுவுக்கும், நீரோடு ஓடினால் மீனுக்கும் அது நஞ்சு. பிளீச்சிங் பவுடர் பாசியையும் புல்லையும் சேர்த்தே வெளுக்கும். களைக்கொல்லி என்று கடையில் தரும் கிளைபோசேட் புல்லைக் கொன்று பாசியை ஏறக்குறைய அப்படியே விட்டுவைக்கும். இதைவிடத் தலைகீழான வைத்தியம் இல்லை. அன்னபேதி என்னும் இரும்பு சல்பேட், நிலக்கடலை இலை மஞ்சளாவதற்குத் தெளிக்க உரக்கடைகளில் கிடைப்பதுதான். அதில் ஐந்தில் ஒரு பங்கு இரும்பு. பாசியை அது கருக்கும். புல்லுக்கோ, அளவோடு இட்டால், இலை கரும்பச்சையாகும். வெளிர்பச்சைப் படிகமாகப் பார்த்து வாங்குங்கள். நாட்பட்டுத் துருநிறமாக மாறியதில் வலு குறைவு.

அளவு, சென்ட்டுக்கு 200 கிராம். 10 லிட்டர் பூவாளியில் 50 கிராமைக் கரைத்து 10 சதுர மீட்டருக்கு ஊற்றினால் கணக்குச் சரியாக வரும். ஒரு சென்ட்டுக்கு நான்கு பூவாளி. கை போன போக்கில் அள்ளிப் போட்டால் புல்லும் கருகும். பாசி ஈரமாகவும் பச்சையாகவும் இருக்கும்போது ஊற்ற வேண்டும். காய்ந்து சுருண்டிருக்கையில் ஊற்றுவது வீண். அடுத்த ஒரு நாளாவது மழை வரக்கூடாது, உறைபனி பெய்யும் இரவும் கூடாது. ஒரு வாரத்தில் பாசி கறுத்துவிடும். முழுவதும் கறுத்த பிறகு, இரண்டு வாரம் பொறுத்து, அப்போதுதான் வாரியை எடுக்க வேண்டும். மிகத் தடித்த இடத்தில் ஆறு வாரம் கழித்து இன்னொரு முறை ஊற்றலாம். அன்னபேதியையும் சுண்ணாம்பையும் ஒரே சமயத்தில் இடாதீர்கள், ஒன்று மற்றொன்றின் வேலையைக் கெடுக்கும். நடுவே ஒரு மாதமாவது இடைவெளி வேண்டும்.

பாசியை வாரிய பின் வெறும் மண் தெரியும். இதுவரை உங்கள் வேலை இந்தக் கட்டத்தில்தான் நின்றுவிட்டது. உண்மையான வேலை இனிமேல்தான் ஆரம்பம். நான்கு பல் கொண்ட இரும்புக் கவையை 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குத்தி, லேசாக முன்னும் பின்னும் அசைத்து எடுங்கள். ஒரு சாண் இடைவெளியில் இப்படிக் குத்திக்கொண்டே போக வேண்டும். முழுத்தரைக்கும் இதைச் செய்ய இயலாது. நடைபாதைபோல் ஆட்கள் நடந்து இறுகிய இடங்களுக்கும் பாசி இருந்த இடங்களுக்கும் செய்தால் போதும். துளைகளில் பருமணலையும் சலித்த மட்கிய எருவையும் கலந்து தள்ளிவிடுங்கள். கட்டட வேலைக்கு வரும் கழுவாத எம்-சாண்டில் கல் தூள் மிகுதி, அது மீண்டும் துளையை அடைக்கும். செம்மண்ணை இனி மறந்துவிடுங்கள்; கல் உருளையைத் தோட்டத்து ஓரத்தில் அலங்காரமாக நிறுத்திவையுங்கள்.

பருவக்கணக்கு இப்படி அமையட்டும். வடகிழக்கு மழை ஓய்ந்து, ஆனால் தரை இன்னும் ஈரமாக இருக்கும் ஜனவரிக் கடைசியில் அன்னபேதி, பிப்ரவரியில் வாருதல், வடிகால் வேலையும் கவை குத்துவதும் அந்த உலர்மாதங்களில், பரிசோதனை சொன்னால் மார்ச்சில் சுண்ணாம்பு. ஏப்ரல், மே மாதங்களின் கோடைமழை தொடங்கியதும், திறந்தவெளியில் நன்றாக வளர்ந்திருக்கும் கிக்குயுக் கொடிகளை மூன்று நான்கு கணுக்கள் உள்ள துண்டுகளாக நறுக்கி, அரை அடி இடைவெளியில் வெற்றிடங்களில் நடுங்கள். அவை வேர் பிடித்ததும் சென்ட்டுக்கு 400 கிராம் யூரியாவை ஈரத் தரையில் சீராகத் தூவி நீர் ஊற்றுங்கள். செப்டம்பரில் இன்னொரு முறை. குளிர்மாதங்களில் தழைச்சத்து வேண்டாம். கிக்குயு வெயிலில் மண்டினால் அதன் அடியில் காய்ந்த கொடிகள் பஞ்சு மெத்தைபோல் சேரும். அதில் மழைநீர் தங்கி மீண்டும் பாசிக்கு இடம் கொடுக்கும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை கோடையில் வாரி எடுத்துவிட வேண்டும்.

முதல் ஆண்டில் பாசி திரும்ப வரும். சோர்ந்துவிடாதீர்கள், எங்கே வருகிறது என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். இரண்டாம் ஆண்டும் அதே இடத்தில் வந்தால், அங்கே நிழலோ கசிவோ இன்னும் மிச்சமிருக்கிறது என்று பொருள்.

கேள்வி: லண்டனை அடுத்த குரோய்டனில் எங்கள் வீட்டுப் பின்புறப் புல்தரை வடக்கு நோக்கியது, களிமண். ஒவ்வோர் இளவேனிலிலும் உரமும் களைக்கொல்லியும் பாசிக்கொல்லியும் சேர்ந்த பெட்டி மருந்தை வாங்கித் தூவுகிறேன். பாசி கறுக்கிறது, ஆனால் அடுத்த குளிர்காலத்தில் மறுபடியும் வந்துவிடுகிறது. 2022 கோடைக்குப் பிறகு நிலைமை மிகவும் மோசம்.
– வாசகர், குரோய்டன்

பதில்: அந்தப் பெட்டியில் பாசிக்கு எதிராக வேலை செய்வதும் பெரும்பாலும் மேலே சொன்ன அன்னபேதிதான். மருந்தில் குறையில்லை, அதன் பின் நீங்கள் விதைக்காததே குறை. 2022 ஜூலையில் இங்கிலாந்தில் வெப்பம் முதன்முறையாக 40 பாகையைத் தாண்டியபோது புல் காய்ந்து, தரையில் இடைவெளிகள் விழுந்திருக்கும். இலையுதிர்கால மழை வந்ததும் புல்லுக்கு முன்பே பாசி எழுந்து அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டது.

உங்கள் ஊருக்குச் செப்டம்பர்தான் நல்ல மாதம். மண்ணில் கோடையின் சூடு இன்னும் இருக்கும், மழையும் தொடங்கியிருக்கும். மாதத் தொடக்கத்தில் மருந்திட்டு, கறுத்தபின் நன்கு வாரி, கவை குத்தி, நிழல் தாங்கும் ஃபெஸ்கியூ புல் கலந்த விதையை அதே மாதத்தில் தூவிவிடுங்கள். பெட்டி மருந்தில் களைக்கொல்லியும் இருந்தால் புது விதைக்கு ஆகாது. இதற்கு மட்டும் தனிப் பாசிமருந்தாக வாங்குங்கள். களிமண்ணில் மழைக்காலம் முழுவதும் பிள்ளைகள் பந்து விளையாடினால் தரை கல்லாகிவிடும் என்பதையும் சொல்லவேண்டும். விளையாட வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆடும் இடத்தை மட்டும் ஆண்டுதோறும் கவையால் குத்திவிடுங்கள்.

கேள்வி: கோவையில் எங்கள் கொரியன் புல்தரையில் மழைக்குப் பின் கரும்பச்சை நிறத்தில் வழுவழுவென்று கூழ்போன்ற பாசி படர்கிறது. வெயில் வந்தால் கறுப்புத் தாள்போல் காய்ந்துவிடுகிறது. இதற்கும் இரும்பு மருந்துதானா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தமிழில் இரண்டையும் பாசி என்றே சொல்லிவிடுவதால் வரும் குழப்பம் இது. மலையில் புல்தரையை மூடுவது இலையும் தண்டும் உள்ள சிறு தாவரம்; உங்கள் தரையில் இருப்பது நாஸ்டாக் என்னும் நீலப்பச்சைப் பாசியாகத் தோன்றுகிறது. அதற்குத் தண்டுமில்லை, இலையுமில்லை. அது நிற்கும் இடத்தில் தண்ணீர் தேங்குகிறது, மண் இறுகியிருக்கிறது என்பது மட்டும் உறுதி. காய்ந்து தாளாகும் நாளில் தட்டையான மண்வெட்டியால் உரித்து அப்புறப்படுத்துங்கள். ஈரத்தில் வாரினால் வழுக்கிக்கொண்டு பரவும், ஆளும் விழக்கூடும். தரையைக் குத்தி, மணலும் எருவும் இட்டு, பள்ளத்தை நிரப்புங்கள். மாலையில் நீர் தெளிக்கும் வழக்கம் இருந்தால் அதிகாலைக்கு மாற்றுங்கள். தானியங்கித் தெளிப்பான் இருந்தால் மழைக்காலத்தில் அதை நிறுத்திவிடுங்கள். மணிச்சத்து மிகுந்த உரத்தையும் சிறிது காலம் விலக்கிவையுங்கள்.

கேள்வி: புல்தரைக்கு இரும்பு சல்பேட் ஊற்றியபோது வாசலின் வெள்ளைக் கல் நடைபாதையில் தெறித்துப் பழுப்புக் கறை படிந்துவிட்டது. எப்படிப் போக்குவது?
– வாசகி, கொடைக்கானல்

பதில்: முழுவதுமாகப் போக்குவது கடினம். அது துருதான், கல்லின் துளைகளுக்குள் இறங்கிவிட்டது. ஆக்சாலிக் அமிலம் கொண்ட துருநீக்கி சிமெண்டிலும் கருங்கல்லிலும் ஓரளவு வெளுக்கும். பளிங்கிலும் சுண்ணாம்புக் கல்லிலும் அமிலத்தைத் தொடவே வேண்டாம், கல்லே அரிக்கும். முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். இனி ஊற்றும்போது நடைபாதை ஓரத்தில் ஓர் அடி விட்டுவிடுங்கள். சிந்திவிட்டால் உலர்வதற்குள் ஏராளமான தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தரை உலரும்வரை குழந்தைகளும் நாயும் அதன் மேல் நடக்காதிருக்கட்டும்; அவர்கள் கால்தடம் வீட்டுக்குள்ளும் துருவாகப் பதியும் என்பது ஒருபுறம், நாய் அந்தத் தூளை நக்கினால் அதன் உடலுக்கும் கேடு.

கேள்வி: மருந்து, வாரி, கவை எல்லாம் முடியாது. பாசியை அப்படியே விட்டுவிட்டால் என்ன? பச்சையாகத்தானே இருக்கிறது?
– வாசகர், ஏற்காடு

பதில்: தாராளமாக விடலாம். இந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு முன்பே ஒரு மடம் முன்வந்துவிட்டது. ஜப்பானின் கியோட்டோவில் உள்ள சைஹோஜி மடத்தின் தோட்டத்தை 14-ஆம் நூற்றாண்டில் முசோ சோசெகி என்னும் ஜென் துறவி சீரமைத்தார். அவர் பாசியை நடவில்லை. பிற்காலத்தில் பராமரிக்கப் பொருளின்றித் தோட்டம் கவனிப்பாரற்றுக் கிடந்தபோது அது தானே வந்து மூடியது. இன்று அங்கே ஏறக்குறைய 120 வகைப் பாசிகள் இருப்பதாகக் கணக்கு; பாசி மிதிபடாமல் இருக்க, 1977 முதல் முன்கூட்டியே விண்ணப்பித்தவர்களை மட்டுமே உள்ளே விடுகிறார்கள். நாம் புல்லிலிருந்து பாசியைப் பிடுங்குகிறோம். அங்கே பாசிக்கு நடுவே முளைக்கும் புல்லைப் பிடுங்குகிறார்கள்.

ஆனால் பாசித்தரைக்கு வேலையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். உதிர்ந்த இலைகளை மென்மையான துடைப்பத்தால் நாள்தோறும் அகற்ற வேண்டும், இல்லையேல் இலைகளின் அடியில் பாசி அழுகும். முளைக்கும் புல்லையும் களையையும் வேரோடு கையால் எடுக்க வேண்டும். உரம் கூடாது. தொடர்ந்து நடக்கும் வழியில் கல் பதித்துவிடுங்கள், பாசி மிதியைத் தாங்காது. ஏற்காட்டில் மார்ச், ஏப்ரலில் அது பழுப்பாகிவிடும்; அப்போது வீட்டுக்கு வருபவர்களிடம், மழை வந்ததும் பச்சையாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். படிக்கட்டிலும் கிணற்றடியிலும் மட்டும் விட்டுவைக்காதீர்கள். அங்கே தேங்காய் நார் பிரஷால் தேய்த்து எடுத்துவிடுங்கள்.